பாரதக் கூத்தை நிறுத்தச் சொன்ன மனு: பாலக்கோடு பக்கத்து ஊர் ஒன்றில் நடந்தது

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு ஊர். அங்கே திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் வழிவழியாக நடந்துவரும் பாரதக் கூத்தை அடுத்த ஆண்டிலிருந்து நிறுத்த வேண்டும் என்று ஊர்க்காரர்களே கையெழுத்துப் போட்டு விழாக் குழுவிடம் ஒரு மனு கொடுத்தார்கள். காரணம் ஒரே வரிதான்: "கூத்து சீரழிந்துவிட்டது, இளைய தலைமுறையையும் சீரழிக்கிறது." கையெழுத்துப் போட்டவர்களில் ஒரு பகுதி அறுபதைத் தாண்டியவர்கள், இன்னொரு பகுதி ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற இளவட்டம். கோயில் பெயிண்ட் என்ன நிறம் என்பதில்கூட ஒத்துப்போகாத இந்த இரண்டு தரப்பும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருந்ததால்தான் இதை விடாமல் விசாரித்தேன்.

நான் பக்கத்து ஊர்க்காரன், அம்மா வழி உறவு முழுக்க அந்த ஊரில்தான். சம்பவம் நடந்த இரவு கூத்தில் இருந்தேன், அடுத்து நடந்த ஊர்க் கூட்டத்திலும் இருந்தேன், கூத்தாடும் குழுவான ஜமாவின் வாத்தியாரோடு பிறகு தனியாகவும் பேசினேன். ஆட்களின் பெயரையும் ஊரின் பெயரையும் விட்டுவிடுகிறேன், அவர்கள் இன்னும் அங்கே முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இரவில் ஒரு தப்பு நடந்தது, அதை மூடி மறைக்கக் கூடாது. கூத்து சிலவற்றை இழந்தும் இருக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டி 'சீரழிவு' என்று தீர்ப்பு எழுதினால் தப்பு செய்தவன் தப்பித்துவிடுகிறான், இழந்தது ஏன் போனது என்று யாரும் கேட்பதில்லை, கடைசியில் தடை மட்டும்தான் மிஞ்சுகிறது. உலகத்தில் இந்தத் தீர்ப்பு எழுதப்பட்ட பல இடங்களில் இதுதான் நடந்திருக்கிறது.

துகிலுரிதல் இரவு

காப்புக் கட்டிய நாள் முதல் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார், இரவில் அதே கதையை ஜமா ஆடும். துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று போய், மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்துச் செய்யும் படுகளத்திலும் தீமிதியிலும் திருவிழா முடியும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இப்படிப் பல கோயில்கள் உண்டு. இந்த ஊரில் முன்பு பதினெட்டு இரவு ஆடியிருக்கிறார்கள். இப்போது எட்டு.

அன்றைக்குத் துகிலுரிதல். பெண்களும் பிள்ளைகளும் முன்னால் பாய் விரித்து இடம் பிடித்துவிட்டார்கள். ஒப்பனைக் கொட்டகையில் திரௌபதி வேஷக்காரர் உட்கார்ந்திருந்தார், அறுபதை நெருங்குகிற ஆண். கையகலக் கண்ணாடியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, அரிதாரத்தைக் குழைத்து, தாடையில் ஒருநாள் முடி தெரியும் இடத்தில் மட்டும் இரண்டு தடவை, மூன்று தடவை பூசிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் துரியோதனனுக்குப் புஜக்கட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டியது. கட்டை லேசானதுதான், ஆனால் கிரீடம், மார்புப் பதக்கம், புஜக்கட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு விடியும்வரை கிர்கி சுற்றுவது லேசான வேலை இல்லை. ஆர்மோனியம் இருந்தது, மிருதங்கம் இருந்தது, தாளம் இருந்தது. முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல் மட்டும் இல்லை. போன வருஷமும் இல்லை என்றார்கள்.

துச்சாதனன் திரௌபதியை இழுத்துவரப் போகிற இடத்துக்கு முன்னால், கதையை அறிவித்துச் சிரிக்க வைக்கும் கட்டியங்காரன் உள்ளே வந்தான். வழக்கமாகப் பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போகிற இடம். அன்றைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் நின்றான். சினிமாப் பாட்டு, செல்போன் ஜோக், ஊர்ப் பெரியவர் ஒருவரின் நடையைப் பண்ணிக்காட்டுவது என்று போய், கடைசியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை நேராகக் கை நீட்டி, அவள் கட்டியிருந்த புடவையை வைத்து இரட்டை அர்த்தத்தில் ஒன்று சொன்னான். பையன்கள் விசிலடித்தார்கள். அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். அவள் அண்ணன் மேடைக்கு வந்தான், சட்டையைப் பிடித்தான், மைக் விழுந்தது, வாத்தியார் கும்பிட்டுக்கொண்டே நடுவில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கூத்து தொடர்ந்தது, ஆனால் திரௌபதி சபதம் போடும் இடத்தில் ஒருவர் கண்ணிலும் தண்ணீர் இல்லை. அந்த இடத்தில் அழாத சபையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கூட்டம்

இரண்டு நாள் கழித்துக் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். மனு அதற்குள் தயாராகியிருந்தது. முதலில் பேசியவர் ஒரு காலத்தில் விழாக் குழுத் தலைவராக இருந்தவர். "எங்க காலத்துல கூத்துன்னா பக்தி. வேஷம் கட்டறவன் விரதம் இருப்பான். இப்ப எல்லாம் கெட்டுப் போச்சு. கலி முத்திப் போச்சு. இப்படி அசிங்கமா நடத்தறதுக்கு நடத்தாமலே இருக்கலாம்" என்றார்.

அடுத்து எழுந்தது ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. நிறையப் படிக்கிறவன், வீடியோவும் நிறையப் பார்க்கிறவன். "பெரியப்பா சொல்றது சரி. ரோமாபுரி எப்படி அழிஞ்சுது? கேளிக்கை, ஒழுக்கக்கேடு. உள்ளுக்குள்ள அழுகிப் போச்சு, வெளியிலிருந்து ஒருத்தன் தட்டினதும் விழுந்துடுச்சு. நம்ம சமுதாயமும் அங்கதான் போய்ட்டு இருக்கு. இந்தக் காசுல பிள்ளைங்களுக்கு ஒரு நூலகம் வைக்கலாம்" என்றான். நூலகம் வைக்கலாம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

சுய உதவிக் குழுவில் இருக்கிற ஓர் அக்கா மட்டும்தான் வேறு மாதிரி பேசினார். "அவன் பேசினது தப்பு. அந்தப் புள்ள வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கணும், அதை மொதல்ல செய்யச் சொல்லுங்க. கூத்த எதுக்கு நிறுத்தணும்? துச்சாதனன் கையப் பிடிக்கறப்ப எங்கம்மா எழுந்து நின்னு திட்டும். எங்க ஊட்ல நடக்கறதுக்கு வாய் திறக்காத அம்மா, அங்கதான் திறக்கும்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. பேச்சு மறுபடி ரோமாபுரிக்கே போய்விட்டது.

சரி, ரோமாபுரியையே பார்ப்போம்

அந்தத் தம்பி சொன்னது அவன் சொந்தச் சரக்கு இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற கதை. ஆனால் காலவரிசையை எடுத்து வைத்துப் பார்த்தால் கதை நிற்காது. ஒழுக்கக்கேட்டுக்குப் பேர்போன கலிகுலா கொல்லப்பட்டது கி.பி. 41இல், நீரோ செத்தது 68இல். ரோமப் பேரரசு தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய பரப்பை எட்டியது அதற்குப் பிறகு, டிராஜன் காலத்தில், 117 வாக்கில். மேற்கு ரோமின் கடைசிப் பேரரசன் ரோமுலஸ் அகஸ்டுலஸை ஒடோவேக்கர் இறக்கியது 476இல், அதாவது நீரோவுக்கு 400 ஆண்டு கழித்து. அந்த நேரத்தில் பேரரசு கிறிஸ்தவப் பேரரசு. 380இலேயே தியோடோசியஸ் அந்தச் சமயத்தை அரசு மதமாக்கிவிட்டார். ஒழுக்கத்தைப் பற்றி அதிகமாகப் போதித்த காலத்தில் விழுந்த அரசை ஒழுக்கக்கேட்டால் விழுந்தது என்று சொல்ல நிறையத் துணிச்சல் வேண்டும். அப்புறம், கிழக்கு ரோம் விழவே இல்லை. கான்ஸ்டான்டினோபிளை மையமாக வைத்து 1453 வரை, இன்னும் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு இருந்தது.

இன்னொன்று. 'ரோம் கெட்டுப் போய்விட்டது' என்கிற புலம்பலை ரோமானியர்களே மிகச் சீக்கிரம் தொடங்கிவிட்டார்கள். கி.மு. 146இல் கார்த்தேஜை அழித்தபின் எதிரி பயம் போய், செல்வம் வந்து, பேராசை வந்து, பழைய நற்குணமெல்லாம் போயிற்று என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சல்லஸ்ட் எழுதியது கி.மு. 40களில். அவர் இறுதிச் சடங்கு எழுதிய பிறகு அந்த அரசு 500 ஆண்டு உயிரோடு இருந்தது. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் கிப்பன் 1776 தொடங்கி 1788 வரை ஆறு தொகுதிகளாக ரோமின் வீழ்ச்சியை எழுதினார். அவர்கூட அளவுக்கு மீறிப் பெருத்த அரசு தன் பாரத்தாலேயே சரிந்ததைத்தான் அழுத்திச் சொல்கிறார். அலெக்சாண்டர் டெமன்ட் என்கிற ஜெர்மானிய வரலாற்றாசிரியர் 1984இல் ரோமின் வீழ்ச்சிக்கு அதுவரை சொல்லப்பட்ட காரணங்களைத் தொகுத்தபோது 210 காரணம் தேறியது. ஒவ்வொருவரும் தன் காலத்தில் தனக்குப் பிடிக்காததை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, பார்த்தாயா, இதனால்தான் விழுந்தது என்று காட்டியிருக்கிறார்கள்.

கையில் பிடிக்கக்கூடிய காரணங்கள் இல்லாமல் இல்லை. 376இல் ஹூணர்களால் துரத்தப்பட்ட கோத்துகள் டான்யூப் நதியைத் தாண்டி உள்ளே வந்தார்கள், 378இல் அட்ரியானோப்பிளில் ரோமப் படையே நொறுங்கியது, அதற்கு மேல் உள்நாட்டுப் போர்கள். 439இல் வாண்டல்கள் கார்த்தேஜைப் பிடித்தபோது வட ஆப்பிரிக்காவின் வரியும் தானியமும் போய்விட்டன. வரி போனால் படை போகும், படை போனால் இன்னொரு மாகாணம் போகும். கேட்க சுவாரசியம் இல்லாத கதை, ஆனால் எந்த வரவு எப்போது நின்றது என்று இதில் தேதி போட்டுச் சொல்ல முடிகிறது.

வீழ்ச்சியைப் பற்றி யோசித்தவர்களில் நான் மதிக்கிறவர் இப்னு கல்தூன். துனிசில் பிறந்தவர், 1377இல் தன் வரலாற்று முன்னுரையை எழுதினார். பாலைவனத்துக் கஷ்டத்தில் வளர்ந்த கூட்டத்திடம் ஓர் இறுக்கமான ஒற்றுமை இருக்கும், அது நகரத்தைப் பிடிக்கும், ஆட்சியில் உட்கார்ந்ததும் சொகுசு வரும், மூன்று தலைமுறையில், ஏறக்குறைய 120 ஆண்டில், ஒற்றுமை கரைந்து அடுத்த கூட்டம் வரும் என்றார். இதுவும் சொகுசால் வீழ்ச்சி என்கிற கதைதானே என்று தோன்றும். ஆனால் அவர் பெண்களின் உடையையும் பாட்டையும் திட்டிக்கொண்டிருக்கவில்லை, கணக்கைப் பார்த்தார். அரண்மனைச் செலவு ஏறுகிறது, வரி ஏறுகிறது, உழுகிறவனுக்கு உழைக்கிற ஆசை போகிறது, கடைசியில் வரி கூடியும் வரவு குறைகிறது என்று ஒவ்வொரு படியாக இறங்கிக் காட்டினார்.

தகடூரிலேயே இருக்கிற பாட்டு

தருமபுரிக்காரர்கள் ரோமாபுரிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. தருமபுரிதான் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போய்ப் பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டு. தொண்டைமானின் ஆயுதங்கள் "பீலி அணிந்து, மாலை சூட்டி", நெய் பூசி, காவல் உள்ள பெரிய மாளிகையில் அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்கிற மாதிரி பழிப்பது. பளபளப்பு என்றால் நலிவு, முறிந்த நுனி என்றால் வீரியம்! சொகுசு வந்தால் சரிவு வரும் என்கிற நினைப்புக்கு உலகத்தில் எங்கே தேடினாலும் இதைவிட அழகான பாட்டு கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் அடுத்து நடந்தது என்ன? தகடூர் விழுந்தது. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அதை அழித்ததைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில் கிழார் பாடுகிறார். அந்தப் போரைப் பற்றிய தகடூர் யாத்திரை என்கிற நூலே முழுசாகக் கிடைக்காமல், சில பாடல்கள் மட்டும் புறத்திரட்டிலும் உரைகளிலும் தப்பியிருக்கின்றன. முறிந்த வேல் வைத்திருந்த ஊர், பீலி கட்டிய வேல் வைத்திருந்ததால் விழவில்லை. பெரிய படை வந்தது, விழுந்தது. ஔவையின் பாட்டு தூதுப் பேச்சாக மகத்தானது. ஓர் அரசு ஏன் விழுகிறது என்பதற்கு அதை விதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

உடம்பு, நோய், கத்தி

கலையைப் பற்றி இந்தத் தீர்ப்பு வந்தது பிரான்சில். பிந்தைய லத்தீன் கவிதையைச் சீரழிந்தது என்று திட்டுவதற்காக விமர்சகர்கள் பயன்படுத்திய வசையை 1880களில் கவிஞர்களே எடுத்து மார்பில் குத்திக்கொண்டார்கள். வெர்லேன் 1883இல், சரிவின் முடிவில் நிற்கும் பேரரசே நான்தான் என்று ஒரு கவிதையைத் தொடங்கினார். மறு ஆண்டு வந்த ஹுய்ஸ்மான்ஸின் நாவலில் கதாநாயகன் ஓர் ஆமையின் ஓட்டில் பொன் பூசி ரத்தினம் பதிக்கிறான், பாரம் தாங்காமல் ஆமை செத்துப்போகிறது. அவர்களுக்குச் சரிவு என்பது ஒரு சுவை, ஒரு நிறம், மாலை வெளிச்சம்.

1883இலேயே பால் பூர்ஷே என்கிற விமர்சகர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். சமூகம் ஓர் உடம்பு, ஒவ்வொருவரும் அதில் ஓர் உயிரணு, அணுக்கள் முழுமைக்குக் கட்டுப்படாமல் தன்னிச்சையாக ஆடத் தொடங்கினால் உடம்பு நலிகிறது என்றார். எழுத்திலும் அதேதான்: புத்தகத்தின் ஒருமை உடைந்து பக்கம் தனியாகிறது, பக்கம் உடைந்து வாக்கியம் தனியாகிறது, வாக்கியம் உடைந்து சொல் தனியாகிறது. 1888இல் நீட்சே இதை எடுத்து வாக்னரின் இசைமேல் வைத்துப் பார்த்தார். ஆனால் நீட்சேயிடம் ஒரு நேர்மை இருந்தது. நானும் வாக்னரைப் போல இந்தச் சரிந்த காலத்தின் பிள்ளைதான், ஆனால் அதை எதிர்த்து நின்றேன் என்று முன்னுரையிலேயே சொன்னார். ஊர்க் கூட்டத்தில் பேசியவர்களில் ஒருவர்கூட அந்தச் சரிவில் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

பூர்ஷேயின் விளக்கம் மனுவின் தரப்புக்கு நல்ல ஆயுதம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்றிரவு நடந்ததே அதுதான்: கட்டியங்காரன் என்கிற பகுதி வீங்கி, துகிலுரிதல் என்கிற முழுமையைத் தின்றுவிட்டது. ஆனால் இதே அளவுகோலை நேர்மையாக வைத்தால் கூத்து பிறந்த நாளிலிருந்தே சரிந்த கலை. கட்டியங்காரன் எப்போதும் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நிற்பவன், பதினெட்டு இரவில் எந்த இரவையும் தனியாக எடுத்து ஆடலாம், துக்கத்துக்கு நடுவில் சிரிப்பு வரும். ஒருமை என்பது கூத்தின் இலக்கணமே இல்லை.

உடம்பு என்று சொன்ன பிறகு நோய் என்று சொல்லாமல் இருக்க முடியாது, நோய் என்றதும் வைத்தியர் வந்துவிடுவார். மாக்ஸ் நோர்டவ் நிஜமாகவே டாக்டர், புடாபெஸ்டில் பிறந்த யூதர். 1892, 93இல் அவர் எழுதிய பெரிய புத்தகம் வாக்னர், இப்சன், டால்ஸ்டாய், ஜோலா, வைல்டு, நீட்சே எல்லாரையும் மனநோயாளி வரிசையில் நிறுத்தியது. அவர் தடுக்க நினைத்தது நாகரிகத்தின் அழிவை. ஆனால் 1937 ஜூலையில் முனிச்சில் நாஜிகள் ஒரு கண்காட்சி வைத்தார்கள், நவீன ஓவியங்களைத் தாறுமாறாகத் தொங்கவிட்டு, பக்கத்திலேயே கேலி வாசகம் எழுதி. அந்தக் கண்காட்சியின் தலைப்பில் இருந்தது நோர்டவின் புத்தகத் தலைப்பில் இருந்த அதே 'இழிந்துபோன' என்கிற பழி. ஒரு யூத மருத்துவர் பரப்பிய நோய்ப் பட்டியல் யூதர்களைக் கொன்றவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வலதுசாரிகள் மட்டும்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. 1946இல் சோவியத்தில் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷ்டானவ், அன்னா அக்மதோவாவைச் சரிந்த பழைய வர்க்கத்தின் கவிஞர் என்று தாக்கி எழுத்தாளர் சங்கத்திலிருந்தே வெளியேற்ற வைத்தார்.

நம் பக்கமும் கதை உண்டு. தஞ்சை மராட்டியர் அவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய ராதிகா சாந்தவனம் என்கிற காவியத்தை பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் முழுசாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று 1911இல் அரசு பறிமுதல் செய்தது, 1947இல்தான் தடை விலகியது. ஒரு பெண் தன் ஆசையை எழுதியதுதான் அங்கே அழுகலாகத் தெரிந்தது. நாயக்கர் காலத்து இலக்கியம் முழுவதையும் நலிவின் காலம் என்று ஒரே தள்ளாகத் தள்ளிய இலக்கிய வரலாறுகளை நாம் பள்ளியில் படித்தோம். 1992இல் நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் சேர்ந்து அந்தக் காலத்து அவைகளையும் நூல்களையும் புதிதாகப் படித்து, அங்கே வேறொரு அரசியலும் வேறொரு மனிதப் பார்வையும் உருவாகிக்கொண்டிருந்ததைக் காட்டினார்கள். தேவதாசிச் சட்டம் வேறு வகை. பெண் குழந்தைகளைப் பொட்டுக் கட்டுவதைத் தடுத்த 1947ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டிய சட்டம், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்தப் போராட்டத்தின் கூடவே ஆட்டமே அழுக்கு, ஆடிய குடும்பங்களே அழுக்கு என்கிற பேச்சும் வந்தது. அடுத்த தலைமுறையில் அதே ஆட்டம் வேறு பெயரில் வேறு வீட்டுப் பெண்களிடம் மரியாதையாக உட்கார்ந்தது, முதலில் ஆடியவர்களின் பிள்ளைகள் பலர் சொல்லிக்கொள்ளாமல் ஒதுங்கினார்கள். ஒரு கொடுமையைத் தடுப்பதும் ஒரு கூட்டத்தையே கெட்டுப்போனது என்று முத்திரை குத்துவதும் ஒன்றல்ல.

கூத்தில் உண்மையில் என்ன மாறியது

வாத்தியாரிடம் அவர் குருவின் கையெழுத்து நோட்டு ஒன்று இருக்கிறது. அட்டை போய், காக்கித் துணியில் தைத்து வைத்திருக்கிறார். துகிலுரிதலில் கட்டியங்காரன் பேச வேண்டிய இடத்தைத் திறந்து காட்டினார். நான் இங்கே எழுத முடியாது. அந்தக் குருவின் காலத்தில் இந்த வட்டாரத்தில் ஆடியவர்கள், இப்போது சண்டை வந்ததே அதைவிடப் பச்சையாகப் பேசியிருக்கிறார்கள். "பெரியவரு சொல்ற பக்திக் காலம் இதுதான் சாமி. அவரும் சின்னப் பையனா இதைக் கேட்டுச் சிரிச்சவருதான்" என்றார் வாத்தியார், கோபமே இல்லாமல். ஆனால் நோட்டில் ஒன்று கவனித்தேன். அந்தப் பச்சை வசனமெல்லாம் துச்சாதனனை நோக்கி, சகுனியை நோக்கி, ஊர் மணியக்காரனை நோக்கி. சபையில் உட்கார்ந்த ஒரு பெண்ணை நோக்கி ஒன்றுகூட இல்லை. அதிகாரத்தில் இருப்பவனைத் தொட்டுப் பேசும் உரிமைதான் கட்டியங்காரனுக்கு ஊர் கொடுத்தது. அன்றிரவு அவன் மீறியது அதைத்தான். கூத்தின் முறைப்படியே அது தப்பு, அதற்குக் காலத்தைத் திட்ட வேண்டியதில்லை.

அப்புறம் அந்த அரை மணி நேரம். ஏன் அவ்வளவு நேரம் நின்றாய் என்று கட்டியங்காரனையே கேட்டேன். "உள்ள ஆளில்லைங்க" என்றான். துச்சாதனன் வேஷக்காரரே அதற்கு முந்தின காட்சியில் விதுரன். வேஷம் மாற்றி, கட்டை கட்டி, முகம் எழுதி வர அவ்வளவு நேரம் ஆகும். முன்பு இதற்குத் தனி ஆள் இருந்தார், இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. முன்பு அந்த இடைவெளியில் முகவீணைக்காரர் ஒரு ராகத்தை எடுத்து இழுத்து, சபையைத் துக்கத்துக்குத் தயார் பண்ணுவார். அவர் இறந்த பிறகு அந்த ஜமாவில் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ள வருஷக் கணக்கில் ஆகும், கூலியோ ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறவருக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. துக்கத்துக்கு முன்னால் இசை இருந்த இடத்தில் இசை இல்லை, அந்த ஓட்டையை ஜோக்கால் அடைக்கிறார்கள். நாகரிகத்தின் வீழ்ச்சி என்று கூட்டத்தில் பேசப்பட்டதை நெருங்கிப் போய்ப் பார்த்தால் ஒரு முகவீணையும் ஒரு துச்சாதனனும் குறைகிற விஷயம்.

இரவுகள் குறைந்ததற்கும் இப்படியே காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விரும்பினால் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை ஆடுகிற கலைக்கு இந்தக் கடிகாரம் பொருந்தவே பொருந்தாது. மைக் இல்லாமல் ஆடலாம், பழைய ஆட்கள் அப்படித்தான் ஆடினார்கள், ஆனால் அந்தத் தொண்டையும் முகவீணையோடுதான் வளர்ந்தது. சித்திரை, வைகாசியில் மாங்கூழ் ஆலைகளில் நைட் ஷிப்ட் தொடங்கிவிடும், ஓசூர்க் கம்பெனி பஸ் விடியற்காலையில் வந்து நிற்கும். இரவெல்லாம் விழித்திருக்கும் வசதி யாருக்கு இருக்கிறது? மனுவில் கையெழுத்துப் போட்ட தம்பிகளே பல வருஷமாக ஒரு முழு இரவும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அது அவர்கள் குற்றம் இல்லை, அவர்கள் ஷிப்ட் அப்படி.

ஆக, இழப்பு நிஜம். பதினெட்டு எட்டானது நிஜம். இவை ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது, சிலவற்றைத் திருப்பிக் கொண்டுவர வழியும் இருக்கிறது.

இப்போது எங்கே நிற்கிறது

கட்டியங்காரன் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு வாத்தியாரோடு போய் மன்னிப்புக் கேட்டான். அந்தப் பெண் வெளியே வரவில்லை, அவள் அம்மாதான் பேசினார், சபையில் சொன்னதற்குச் சபையிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். அடுத்த கூத்து நடந்தால் முதல் இரவில் திரை விழுவதற்கு முன் அதைச் செய்வதாக வாத்தியார் ஒப்புக்கொண்டிருக்கிறார். நடந்தால்தான்.

ரோமாபுரி பேசிய தம்பியோடு பிறகு நீளமாகப் பேசினேன். 476ஐயும் நீரோவையும் அவன் போனிலேயே சரிபார்த்தான். கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் முகவீணைக்காரர் ஒருவரை வெளியூரிலிருந்து வரவழைக்க ஆகிற செலவை ஓசூரில் இருக்கும் ஊர்ப் பையன்கள் பிரித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னான். பெரியவர் மாறவில்லை. அவருக்கு எண்பதை நெருங்குகிறது, கூட ஆடியவர்களும் கூட உட்கார்ந்து பார்த்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கலி முத்திவிட்டது என்று அவர் சொல்லும்போது அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்த வருத்தத்தை ஊர்த் தீர்மானமாக எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன்.

மனு இன்னும் விழாக் குழுவிடம் இருக்கிறது. மார்கழிக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். நான் எழுதிக் கொடுத்திருப்பது இவ்வளவுதான்: சபையில் இருக்கும் யாரையும் குறிவைத்துப் பேசக் கூடாது என்று ஜமாவோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், மீறினால் கூலியில் பிடியுங்கள். எட்டு இரவு கட்டுப்படியாகவில்லை என்றால் ஐந்தாக்குங்கள், அந்தப் பணத்தில் முகவீணைக்கும் தனித் துச்சாதனனுக்கும் கூலி கொடுங்கள். மைக் அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பம் போடுங்கள். வாத்தியார் நோட்டைப் படி எடுத்து வையுங்கள், பச்சை வசனத்தையும் விடாமல். முதல் இரண்டுக்கும் குழுவில் மூன்று பேர் சம்மதம் சொல்லிவிட்டார்கள். நோட்டைப் படி எடுக்கிற வேலையை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன், தை பிறப்பதற்குள் முடித்துவிடுவேன்.